நகர மண்டபத்தில் மாமாவுக்குக் கிடைத்த மூன்று நிமிடம்

லண்டனுக்குப் போய் வந்தேன் என்றால் அரண்மனை பார்த்தாயா, ஆற்றங்கரை ராட்டினத்தில் ஏறினாயா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. போன நாளிலிருந்து திரும்பிய நாள் வரை ஒரே ஒரு கட்டடத்தைத்தான் பார்த்தேன். உள்ளே, வெளியே, மாடியில், மழையில் நின்றுகொண்டு, தலையில் அடித்துக்கொண்டு. அவ்வளவு காசு செலவழித்து யாராவது வயிற்றெரிச்சலை வாங்கிக்கொண்டு வருவார்களா? நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் தங்கை வசந்தி இல்ஃபோர்டில் இருக்கிறாள். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்து யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது போனை எடுத்தால் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’ என்கிறாள். அம்மாவுக்குப் பாதி பேச்சு புரிவதில்லை. என்னிடம் மட்டும் பழைய பேச்சு வரும். ஒருநாள் கூப்பிட்டு, “அக்கா, மாமா சரியாவே சாப்பிடறதில்ல. அந்தக் கட்டடத்தை விக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதுலேர்ந்து இப்படித்தான். நீதான பழைய கட்டடத்துக்கெல்லாம் வைத்தியம் பாக்கறவ? ஒருக்கா வந்து பாரேன்” என்றாள்.

மாமா என்பது அவளுடைய மாமனார் இராசதுரை. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். லண்டனுக்கு அகதியாக வந்து பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் பார்த்து, பிறகு தபால் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி மனோன்மணி இரண்டு வருடம் முன்பு தவறிவிட்டார். அதன் பிறகு மாமா தினமும் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து நகராட்சியின் பழைய நகர மண்டபத்துக்குப் போய்விடுவார். கவுன்சில் அலுவலகங்கள் எப்போதோ புதுக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டன. காலியாகக் கிடந்த மண்டபத்தில் ஓர் அறையைத் தமிழ் முதியோர் சங்கத்துக்குக் கொடுத்திருந்தார்கள். இப்போது கவுன்சிலிடம் பணம் இல்லையாம். ஒரு ஹோட்டல் கம்பெனி கேட்கிறதாம். திட்டக் குழு கூடி அனுமதி கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

விமான நிலையத்தில் இறங்கி எலிசபெத் லைன் ரயில் ஏறினேன். சவுத்தால் வந்தது, வெஸ்ட் ஈலிங் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சேலை கட்டிய அம்மா ஒருவர் இறங்கும்போது, “கோயிலுக்கோ?” என்று என் குங்குமத்தைப் பார்த்துக் கேட்டார். இல்லை, இல்ஃபோர்ட் என்றேன். “அப்ப நித்திரை கொள்ளாதேங்கோ, ரயில் ரெண்டாப் பிரியும்” என்று எச்சரித்துவிட்டுப் போனார். நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ரயில் ஆற்றுக்குத் தெற்கே எங்கோ கடைசி நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. மறுபடி பாதி தூரம் திரும்பி, வேறு ரயில் பிடித்து, பெட்டியை இழுத்துக்கொண்டு வீடு சேர்ந்தபோது வசந்தி புட்டும் கணவாய்க் கறியும் செய்து வைத்திருந்தாள். அந்தக் கணவாய்க்காக அவளை எவ்வளவு வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

மாமா சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை. “பயணம் சுகமோ, பிள்ளை? நாளைக்கே போய்ப் பாப்பமோ?” என்றார்.

மறுநாள் தூறல். இரட்டை மாடிப் பேருந்தில் முன்னிருக்கை கிடைத்த சந்தோஷம் பத்து நிறுத்தம்கூட நீடிக்கவில்லை. ‘இந்தப் பேருந்தின் சேருமிடம் மாற்றப்பட்டுள்ளது’ என்று ஒரு பெண்குரல் ஒலிபெருக்கியில் சாவகாசமாகச் சொன்னது. ஓட்டுநர் எல்லோரையும் நடுத்தெருவில் இறக்கிவிட்டார். எங்கள் ஊராக இருந்தால் அந்த வண்டி நகர்ந்திருக்குமா? நடத்துநர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் மன்னிப்புக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். பின்னால் வந்த இரண்டு பெண்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே நடந்தார்கள். “டவுன் ஹாலில் ஸ்பா வருதாமே?” “வரட்டும், நல்லதுதான். இப்ப அதை யார் பயன்படுத்தறாங்க?” மாமாவுக்கு நன்றாகவே காது கேட்கும். அவர் குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார்.

மண்டபத்தைப் பார்த்ததும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. சிவப்புச் செங்கல், ஓரங்களில் வெள்ளைக் கல், நீள நீளமாக இரும்புச் சட்டம் போட்ட ஜன்னல்கள், உச்சியில் பச்சை பிடித்த செம்புத் தொப்பியோடு ஒரு மணிக்கூண்டு. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே இந்த நாட்டில் இப்படி எத்தனையோ கட்டியிருக்கிறார்கள். ஒழுங்காகக் கோட்டும் டையும் போட்ட வங்கி மேலாளர் மாதிரி ஒரு முகப்பு. இதைப் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் சேர்த்துக் காப்பாற்றச் சொல்லி நான் என்ன எழுதுவது, இதற்காகவா விசா எடுத்து வந்தேன் என்று மனதுக்குள் தங்கையைத் திட்டினேன்.

கதவைத் தள்ளி உள்ளே போனதும் வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்சம் என் கதையைச் சொல்ல வேண்டும். இளவயதில் இரண்டு வருடம் பிரான்சில் படித்தேன். பாரிஸைச் சுற்றியிருந்த தொழிலாளர் ஊர் ஒன்றின் மேரியை அங்குலம் அங்குலமாக அளந்து வரைவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. மேரி என்றால் நகர மண்டபம். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் கடற்கரையிலும் ஒன்று இருந்தது. ஒரு மழைநாளில் தானாகச் சரிந்து உட்கார்ந்தது. அதே முகத்தோடு மறுபடி கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து மேரிகள் எல்லாம் குட்டி அரண்மனைகள். முதல் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. பாரிஸின் விளிம்பில் தொழிற்சாலைகள் பெருகி, ஊர்கள் வீங்கி, ஜனங்கள் வேலைக்கும் வீட்டுக்கும் அல்லாடினார்கள். சில ஊர்களின் மேயர்கள், இந்த ஜனங்கள் உள்ளே வரப் பயப்படாத கட்டடம் வேண்டும் என்றார்கள்.

நான் அளந்த மேரி அப்படி வந்தது. வெளியே செங்கல், உள்ளே கான்கிரீட் எலும்பு. நடுவே ஒரே ஒரு பெரிய கூடம். அதன் கூரை முழுக்கக் கண்ணாடிக் கற்கள். பிறப்பு, இறப்பு, வேலையில்லாதவர் உதவி எல்லாம் கூடத்தைச் சுற்றியே. வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும், யாரையும் கெஞ்ச வேண்டாம். அந்த நாட்டில் மேயர் முன்னால் செய்யாத கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்லை என்பதால், முதலாளி மகளும் கூலிக்காரன் மகளும் ஒரே படியில்தான் மேலே ஏற வேண்டும். அந்தப் படியை அவ்வளவு அகலமாகக் கட்டியிருந்தார்கள்.

அதே கூடம் இங்கே, லண்டனில், என் தலைக்கு மேலே இருந்தது. அதே கண்ணாடிக் கல் கூரை. வெளியே அழுதுகொண்டிருந்த வானம் உள்ளே பால் மாதிரி இறங்கியது. தரையில் சலவைக்கல் துகள் பதித்து, பித்தளைக் கோடு ஓட விட்டிருந்தார்கள். கவுண்டர்கள் எல்லாம் உட்கார்ந்து பேசும் உயரத்தில் இருந்தன. இதை வரைந்த ஆங்கிலேயர் பெயர் வாசல் கல்லில் இருக்கிறது. ஆளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் போய் ஏதோ ஒரு மேரியின் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார், சத்தியமாக. திரும்பி வந்து, உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் பயப்படாத மாதிரி முகப்பைக் கட்டி, உள்ளே தன் ஆசையை ஒளித்து வைத்துவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஐம்பது வயதுப் பெண் ஒரு கூரையைப் பார்த்து அழுவதை எதிரே இருந்த காவலாளி சங்கடத்தோடு பார்த்தார்.

“வடிவா இருக்கு, என்ன?” என்றார் மாமா. அவர் சுவரோரம் ஓடிய நீள மரப் பலகையில் போய் உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினார். “இந்த வாங்கிலில இருங்கோ. சூடு தெரியுதோ?”

தெரிந்தது. பலகைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்களை மறைத்து வைத்திருந்தார்கள். காத்திருப்பவன் குளிரக் கூடாது என்று அந்தப் பஞ்ச காலத்தில் ஒருவர் யோசித்திருக்கிறார்.

“நாங்கள் வந்த புதுசில வீட்டு வாடகை உதவிக்கு இங்கதான் வாறது. நாங்கள் இருந்த அறையில ஹீற்றர் இல்லை. மனோ நம்பர் கூப்பிட்டாலும் எழும்ப மாட்டா. ‘இன்னும் கொஞ்ச நேரம் இருப்பம், பின்னால நிக்கிற ஆளை விடுங்கோ’ எண்டு சொல்லுவா.” மாமா சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “வீட்டில இருக்க ஏலாது, பிள்ளை. இங்க இருந்தால், அவ கவுண்டருக்குப் போயிருக்கிறா, இப்ப வந்திடுவா எண்ட மாதிரி இருக்கும்.”

சங்கத்துக்கு மாற்று இடமாகக் கவுன்சில் ஒரு நூலகத்தின் மாடியைக் காட்டியிருந்தது. இரண்டு பேருந்து மாற வேண்டும், லிப்ட் கிடையாது. அதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். இந்தப் பலகையை எங்கே கொண்டு போவது? நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சூடு பிடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை சங்கம் முழு அளவில் கூடும் நாள். என்னை ‘பிரதம விருந்தினர்’ ஆக்கிவிட்டார்கள். கேரம் ஆடும் அறைதான். ஆனாலும் தலைவர், செயலாளர், மேசை விரிப்பு, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. விளக்கின் சுடர் நிஜமில்லை, பேட்டரி. தீ எச்சரிக்கை மணி அடித்துவிடுமாம். இறைவணக்கம் ஆனது. மௌன அஞ்சலி ஆனது. வரவேற்புரையில் என்னைப் பெற்றவர்களிலிருந்து தொடங்கினார்கள். தலைமையுரையில் பிரான்ஸ் தேசத்துக்கே ஒரு வணக்கம் போட்டார்கள். பிறகு எனக்குப் பொன்னாடை. அதைப் போர்த்தியவருக்கு வேறொருவர் நன்றி. நான் படங்களோடு எழுந்து மேரியின் சரித்திரத்தில் கால் வைத்தேன். காவலாளி தலையை நீட்டி, “மூடும் நேரம்” என்றார். அவசரமாக நன்றியுரை. நன்றியுரைக்கு மட்டும் குறை வைக்கவில்லை.

“பேச்சு அந்தமாதிரி!” என்று பாக்கியம் ஆன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். சங்கத்தின் செயலாளர் அவர்தான். ஓய்வுபெற்ற தாதி, எழுபது தாண்டியும் விறுவிறுவென்று நடப்பவர். அந்தமாதிரி என்றால் அவர்கள் பேச்சில் பிரமாதம். நான் பேசியதே நாலு வாக்கியம். கையில் ஒரு மட்டன் ரோல்ஸைத் திணித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் வசந்தியிடம் நடித்துக் காட்டி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

பட்டியலில் சேர்க்கச் சொல்லி நான் படங்களோடு எழுதி அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் சீக்கிரமே வந்தது. கூடம் சுவாரசியமானது, ஆனால் முகப்பு சாதாரணமானது, போதாது. அவ்வளவுதான். இனி திட்டக் குழு ஒன்றுதான் வழி. அங்கே எதிர்ப்பவர் தரப்பில் ஒரே ஒருவர் பேசலாம், அந்தப் பகுதியோடு தொடர்புடையவராக இருக்க வேண்டும், மூன்று நிமிடம். புதுச்சேரியிலிருந்து வந்த நான் மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். சங்கம் ஒருமனதாக மாமாவைத் தேர்ந்தெடுத்தது. ஊரில் அவர் பேசாத மேடை இல்லையாம்.

உட்கார்ந்து எழுதினேன். கூரை ஏன் அபூர்வம் என்பதற்கு ஒரு பத்தி. ஹோட்டல் வந்தால் கவுண்டர்களும் பலகைகளும் உடைபடும், கூடம் மதுக்கூடமாகும் என்பதற்கு ஒரு பத்தி. கிழவர்களால் இரண்டு பேருந்து மாறி மாடி ஏற முடியாது என்பதற்கு ஒன்று. வசந்தி போனில் நேரம் பிடித்தாள். மாமா சாப்பாட்டு மேசையருகே நின்று ஆங்கிலத்தில் கணீரென்று படித்தார். நேரத்துக்குள் முடிந்தது.

“நல்லா எழுதியிருக்கிறியள், பிள்ளை. ஆனால் மொட்டையா இருக்கு.”

“மொட்டையா இருந்தாதான் மாமா மூணு நிமிஷத்துல முடியும்.”

“சபைக்கு ஒரு வணக்கம் வேண்டாமோ?”

“ஒண்ணே ஒண்ணு. வணக்கம்னு சொல்லிட்டு நேரா கூரைக்கு வந்துடணும்.”

“ஓம், ஓம்” என்றார். அன்று அவர் இரண்டாம் முறை சோறு கேட்டுப் போட்டுக்கொண்டார். வசந்தி சமையலறையிலிருந்து என்னை எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

குழு கூடிய மாலையில் புது அலுவலகத்தில் இடம் போதாது என்று பழைய மண்டபத்தின் சபைக்கூடத்தையே திறந்திருந்தார்கள். அகலமான படியில் ஏறி மாடத்துக்குப் போனோம். சங்கத்தில் நடக்க முடிந்த எல்லோரும் வந்திருந்தார்கள். வேட்டி, கம்பளித் தொப்பி, பட்டுச்சேலைக்கு மேல் குளிர்கோட்டு. கீழே குதிரை லாட வடிவத்தில் தோல் இருக்கைகள். சுவர் முழுக்க வால்நட் மரப் பலகை. நடுவில் மேயரின் உயர்ந்த நாற்காலி, அதற்கு மேல் ஊரின் சின்னம், இரண்டு பக்கமும் வெண்கல விளக்குகள். குவிந்த கூரை; மைக் இல்லாமலே குரல் சுற்றிவரும்படி கணக்குப் போட்டுக் கட்டியது. சரிகைக்கரை அங்கி போட்ட ஆட்கள் எழுந்து நின்று, ஒருவரை ஒருவர் கனம் பொருந்தியவரே என்று அழைத்து, ஆற அமரப் பேசுவதற்காக உருவான அறை. இப்போது அதில் ஜீன்ஸ் போட்ட கவுன்சிலர்கள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசுபவருக்கு எதிரே ஒரு சின்னப் பெட்டி. பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு வந்தால் மைக் தானாக நின்றுவிடும்.

மாமாவைக் கூப்பிட்டார்கள். கறுப்புக் கோட்டில் எழுந்து போனார். என் தாளை மேசையில் வைத்து, கண்ணாடியைச் சரிசெய்து, நிமிர்ந்து பார்த்தார். சின்னத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், லாடத்தைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருடைய முதுகு நேரானது. அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“இந்த மாட்சிமை பொருந்திய ஆசனத்தை அலங்கரிக்கும் தலைவி அவர்களே” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். என்ன குரல் அது! மைக்கே வேண்டியதில்லை. தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மாமா கவுன்சிலர்களுக்கு வந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் இருந்த பெயர்ப் பலகையைப் படித்து, ஒருவரையும் விடாமல், ஆளுக்கு ஓர் அடைமொழியோடு விளித்தார். திட்ட அதிகாரியை விளித்தார். சட்ட ஆலோசகரை விளித்தார். தண்ணீர் பாட்டிலோடு வந்த பெண்ணுக்கு வணக்கம் சொன்னார். அந்தப் பெண் கதவருகே நின்றுவிட்டாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞரை ‘என் மதிப்புக்குரிய இளம் நண்பர்’ என்றார்.

“மாமா, கூரை… கூரை…” என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன். வசந்தி என் கையை நசுக்கினாள்.

இந்த மண்டபத்தைக் கட்டிய கொத்தர்களுக்கும் தச்சர்களுக்கும் வணக்கம் சொன்னார். மஞ்சள் விளக்கு எரிந்தது. அந்நிய மொழியில் பேசத் துணிந்த தன் சிறுமையைச் சபை பொறுத்தருள வேண்டும் என்றார். “இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்” என்று மூச்சை இழுத்தார்.

சிவப்பு.

மைக் நின்றுவிட்டது. அந்தக் கூரைக்கு மைக் தேவையில்லை, பேசியிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் மாமா சபை ஒழுங்கை மீறாத மனிதர். வாயைத் திறந்தபடி நின்றார். “நன்றி ஐயா, உங்கள் நேரம் முடிந்தது” என்றார் தலைவி. கல்நெஞ்சக்காரி இல்லை, அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு கவுன்சிலர் கையை உயர்த்தி, இன்னும் ஒரு நிமிடம் தரக் கூடாதா என்று கேட்டார். ஒருவருக்குத் தந்தால் மற்றவருக்கும் தர வேண்டும், விதி அப்படி என்று பதில் வந்தது. மாமா தலைவியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஹோட்டல் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். மாலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. இத்தனை அறைகள், இத்தனை பேருக்கு வேலை, இத்தனை வருமானம். மஞ்சள் விளக்குக்கு முன்பே முடித்து உட்கார்ந்துவிட்டார். பிறகு கைகள் உயர்ந்தன. எதிர்த்து ஒரு கை, நடுநிலையாக ஒரு கை, மற்றதெல்லாம் ஆதரவு. சித்திரை வரை மண்டபம் திறந்திருக்கும், அதற்குப் பிறகு ஹோட்டலுக்கு. அடுத்த விஷயமாக யாரோ ஒருவரின் மாடி அறை நீட்டிப்புக்குப் போய்விட்டார்கள்.

அந்த அறையை அது கட்டப்பட்ட காரியத்துக்காகவே அன்று பயன்படுத்திய ஒரே மனிதர் மாமாதான். அதைச் சொல்லி அழுவதா, அவரைப் போட்டு உலுக்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. படியில் இறங்கும்போது சங்கத்தார் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். “அண்ணை, என்ன பேச்சு! அந்த வெள்ளைக்காரப் பெட்டை தண்ணிப் போத்திலோட அப்பிடியே நிண்டிட்டாள். ஒருத்தரும் அவையளுக்கு இப்பிடி மரியாதை குடுத்திருக்க மாட்டினம்” என்றார் பாக்கியம் ஆன்ரி. அவர் கிண்டல் செய்யவில்லை. எல்லோருமே மனதாரச் சொன்னார்கள். தோற்றுப்போன கூட்டத்துக்கு வெளியே, மழையில், ஒரு பாராட்டு விழாவே நடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

பேருந்தில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். வசந்தி எங்களுக்குப் பின்னால்.

“பிள்ளை, நான் கூரையைப் பற்றிச் சொன்னனானோ?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “இல்ல மாமா.”

“வாங்கிலைப் பற்றி?”

“இல்ல.”

கொஞ்ச நேரம் அவர் மடியில் இருந்த தாளை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். “மனோவைப் பற்றிக் கடைசியில சொல்லுவம் எண்டு வச்சிருந்தனான்” என்றார்.

என் தாளில் மனோன்மணி மாமியின் பெயரே இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. பின்னால் வசந்தி விசும்புவது கேட்டது.

அதற்கப்புறம் நான் லண்டனில் என்ன பார்த்தேன், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வசந்தி ஒருநாள் வலுக்கட்டாயமாக நகரத்துக்குள் கூட்டிப் போனாள். காகிதத்தில் சுற்றிய மீனும் உருளைக்கிழங்கும் வாங்கித் தந்தாள். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பழைய தபால் நிலையம் ஒன்று மதுக்கூடமாகியிருந்தது. பழைய வங்கி ஒன்று உடற்பயிற்சிக் கூடமாகியிருந்தது. எல்லாவற்றையும் எவ்வளவு அழகாகப் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று தொழில் புத்தி பாராட்டியது. எனக்கு என் தொழில் மீதே வெறுப்பாக இருந்தது. கல்லைக் காப்பாற்ற ஆயிரம் வழி படித்திருக்கிறேன். அதில் உட்கார்ந்திருந்த ஆளைக் காப்பாற்ற ஒரு வழி தெரியவில்லை.

நான் கிளம்பிய நாளும் புதன்கிழமைதான். பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தேன். மாமா கூடத்து சோபாவில், வீட்டுச் சட்டையோடு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி ஓடவில்லை. மற்ற நாளானால் இந்நேரம் பேருந்து ஏறியிருப்பார்.

“மாமா, இன்னிக்குச் சங்கம் உண்டே. கிளம்பலியா?”

“இல்லைப் பிள்ளை. ரெண்டு மூண்டு நாளாப் போகேல்ல.”

“ஏன் மாமா? சித்திரை வரைக்கும் திறந்துதானே இருக்கும்? அதுவரைக்குமாவது போயிட்டு வரலாமே.”

“ஓம், திறந்திருக்கும்” என்றார். “சண்டை நேரம் ஊரில வீட்டை விட்டு வெளிக்கிடேக்க அரை மணித்தியாலந்தான் தந்தவங்கள். சோறு அடுப்பில கொதிக்கக் கொதிக்க விட்டிட்டு வந்தனாங்கள். மனோ சாகும் வரைக்கும் அந்தப் பானையைப் பற்றியே கதைச்சவ.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்த முறை சித்திரை வரைக்கும் நேரம் தந்திருக்கிறாங்கள், பிள்ளை. இப்ப துவங்கினால், அதுக்கிடையில போகாமல் இருக்கப் பழகியிடலாம்.”